ஹிபூலான் ஆற்றில் இல்லாத பாலம்

காலை 5.40.

நண்டுக்கூடையைத் தூக்கிப் பார்க்க ஹிபூலான் ஆற்றில் இறங்கிய இஸ்கோவின் காலில் முதலில் தட்டுப்பட்டது ஒரு ஹெல்மெட். அடுத்துத் தட்டுப்பட்டது அதைப் போட்டிருந்த ஆள்.

நாலடி தள்ளி மோட்டார் சைக்கிள் தலைகீழாகச் சேற்றில் புதைந்து கிடந்தது. மேலே, கரைக்கொரு கான்கிரீட் தூண். நடுவில் இருந்த பாலம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த புயலோடு போனது போனதுதான். திரும்பக் கட்ட ஒருத்தருக்கும் நேரம் வரவில்லை. அரிசி ஆலைக்குப் பின்னால் பிரியும் அந்த மண்பாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்று சாந்தா இனெஸ் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

செத்தவன் சாந்தா இனெஸ்காரன் இல்லை. ஜெரிக் லாவா, முப்பத்தொரு வயது, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பார்சல் கொண்டுவருகிறவன். சட்டைப்பையில் அடையாள அட்டை இருந்தது. மனைவி பெயர், அவசர எண், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது.

காலை 6.25.

சார்ஜென்ட் தெல்மா பகுனாஸ் ஆற்றுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் மூங்கில் நிழற்குடை ஒன்று இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் பன்தெசால் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஊர்த் தலைவர் பனிங். எல்லாருக்கும் அவர் ‘கேப்’. மற்றவன் பேபோட், பேரிடர் அலுவலகத்து டிரைவர்.

“உக்காருங்க மேடம். பெஞ்சு பழசு, இடம் புதுசு” என்றார் பனிங்.

“இது மார்க்கெட் வாசல்ல இருந்த ஷெட்டுதானே?”

“அதேதான். நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு இருபது பேர் தோள் குடுத்து அப்படியே தூக்கிட்டு வந்துட்டோம். பாருங்க, குழி தோண்டின மண்ணு இன்னும் காயல.”

“சர்ச் பக்கத்துல வைக்கப் போறதா நோட்டீஸ் பாத்தேனே.”

“நோட்டீஸ் ஒட்டினது உண்மை. தூக்கிட்டுப் போய்ப் பாத்தா அங்க முழங்கால் மட்டும் சேறு. இவன் கால் உள்ள போச்சு, கால் மட்டும் வந்துச்சு, செருப்பு வரல. சரி விடுங்கடான்னு திருப்பிக் கொண்டுவந்து இந்த மரத்தடியில வெச்சோம். நோட்டீஸ இன்னும் கிழிக்கல.”

“அது புதுச் செருப்பு கேப்” என்றான் பேபோட் வருத்தமாக.

“அந்தத் துக்கத்துலதான் ஒம்பது மணி வரைக்கும் இங்கயே உக்காந்து ஊர்க் கள்ளையெல்லாம் குடிச்சியா?”

“நீங்களும்தானே இருந்தீங்க.”

தெல்மா சிரிக்கவில்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காலையில் காப்பியும் இல்லை. “ஆபீஸ் வண்டி எங்க பேபோட்? பாடிய எடுக்கணும்.”

“பட்டறையில மேடம். நான் குடிச்சிருந்தேனா, எங்க ஆபீஸ் ஹெர்னான் சார் நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு அவரே ஓட்டிட்டுப் போயிட்டார். வீட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டுத் தூண்ல இடிச்சிட்டாராம். முன் விளக்கு போச்சு.”

மழை விட்டது. தெல்மா கிளம்பினாள்.

காலை 7.10.

ஆற்றங்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பேரிடர் அலுவலகத் தலைவர் ஹெர்னான் டாகில் கையில் டேப்லெட்டோடு ஓரமாக நின்றார். ஐம்பது வயது, மழைக்கோட்டின் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். இந்த ஊருக்கு வரைபடம் என்று ஒன்று இருந்தால் அது அவரால்தான். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்த இணைய வரைபடத்தில் ஆறு வருஷமாக ஒவ்வொரு தெருவையும், குழாயடியையும், வீட்டையும் ஆள் சேர்த்து நடந்து நடந்து ஏற்றியவர். மீட்புப் படகும், ஆம்புலன்சும், பார்சல்காரர்களும் அதைத்தான் பார்த்துப் போகிறார்கள்.

“இதப் பாருங்க சார்ஜென்ட்.”

டேப்லெட்டில் ஹிபூலான் ஆறு. ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்.

“இது எப்ப வந்துச்சு?”

“நேத்து ராத்திரி ஏழு அம்பத்திரெண்டுக்கு யாரோ போட்டிருக்காங்க.”

“யாரோன்னா?”

ஹெர்னான் திரையைத் தொட்டுக் கணக்குப் பெயரைக் காட்டினார். “யோலியோட கணக்குலருந்து. யோலி கபாகுவா, எங்க ஆபீஸ் பொண்ணு. கெட்டவ இல்ல. பழைய சாட்டிலைட் படத்துல இந்தப் பாலம் இன்னும் தெரியுது. அதப் பாத்து வரைஞ்சிருப்பா. தப்பு யாருக்கும் வரும்.”

“அந்தத் தப்புல ஒரு ஆள் செத்திருக்கான்.”

“தெரியுது” என்றார் ஹெர்னான்.

காலை 9.00.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஜெரிக்கின் மனைவி லென் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வருகிறவர்களையெல்லாம் ஒரே கேள்வி கேட்டாள். “பாலம் வரைஞ்சவ வந்துட்டாளா?”

வந்துவிட்டாள். ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காய்ச்சலில் கண் சிவந்து, யோலி மேஜைக்கு எதிரே இருந்தாள். வயது இருபத்தாறு. ஸ்டேஷன் மேலதிகாரி ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்: கவனக்குறைவால் மரணம். மாலை ஐந்து மணிக்கு அரசு வழக்கறிஞரிடம் தாள் போக வேண்டும். போனால் யோலிக்குச் சில வருஷம் உள்ளே; வேலை, பெயர், எல்லாம் அதோடு சரி.

“நேத்து எங்க இருந்த?” தெல்மா கேட்டாள்.

“பன்னெண்டு மணி வரைக்கும் ஆபீஸ். காய்ச்சல். வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுப் படுத்துட்டேன்.”

“கூட யாரு?”

“யாரும் இல்ல மேடம்.”

“எப்ப எந்திரிச்ச?”

“காலைல. நீங்க ஆள் அனுப்பினப்ப.”

“ஏழு அம்பத்திரெண்டுக்குப் பாலம் வரைஞ்சியா?”

யோலி உதட்டைக் கடித்தாள். “அந்தப் பாலத்த மேப்லருந்து எடுத்ததே நான்தான். புயலுக்கு மறுவாரம், தூணத் தொட்டுப் பாத்துட்டு வந்து எடுத்தேன். ‘பாலம் போய்விட்டது, பழைய படத்தைப் பார்த்து மறுபடி வரையாதீர்கள்’னு குறிப்பும் போட்டேன். எங்களுக்கு அது பழக்கம். வெளியூர்லருந்து படம் பாத்து வரையறவங்க ஏமாந்துடுவாங்க இல்ல.”

“அந்தக் குறிப்பு இப்ப இல்லையே. அதையும் அழிச்சிருக்கு.”

“அதான் எனக்கும் புரியல.” சட்டென்று அழ ஆரம்பித்தாள். “காய்ச்சல் வேகத்துல நானே எந்திரிச்சு ஏதாவது பண்ணிட்டேனா மேடம்? காலைலருந்து யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. வெளிய அந்த அக்கா என்னப் பாக்குற பார்வை தாங்கல.”

பொய் சொல்கிறவர்கள் ‘நான் இல்லை’ என்பார்கள். ‘நானாக இருக்குமோ’ என்று கேட்கிற குற்றவாளியைத் தெல்மா பதினாலு வருஷத்தில் பார்த்ததில்லை. ஆனால் அதைத் தாளில் எழுத முடியாது.

“உன் கணக்கு வேற எங்கயாவது திறந்திருக்கா?”

“ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. எப்பவும் திறந்தேதான் இருக்கும்.”

“ஆபீஸ் சாவி?”

“மூணு. எங்கிட்ட ஒண்ணு, ஹெர்னான் சார், பேபோட் அண்ணன்.”

காலை 11.30.

ஜெரிக்கின் போன் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் இருந்தது. கொஞ்சம் ஈரம். கான்ஸ்டபிள் அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தான். மூன்று மணி நேரத்தில் உயிர் வந்தது. ரகசிய எண்ணை லென் சொன்னாள். மகளின் பிறந்த நாள்.

தெல்மா போனை எடுத்துக்கொண்டு திரும்பியபோது யோலி எழுந்து நின்றாள்.

“மேடம், ஒண்ணு கேக்கவா? அவர் மேப்ப நெட்ல பாத்தாரா, எறக்கி வெச்சுப் பாத்தாரா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல மேடம். ஆத்துக்கு அந்தப் பக்கம் சிக்னல் கெடையாது. பார்சல்காரங்க எல்லாரும் மொத்த மாகாணத்தையும் போன்ல எறக்கி வெச்சுப்பாங்க. எறக்கின தேதிக்கு அப்புறம் நாங்க என்ன மாத்தினாலும் அதுல வராது. மறுபடி எறக்கணும்.”

தெல்மா போனை அவளிடமே நீட்டினாள். யோலி இரண்டு இடத்தில் தட்டினாள். வரைபடம் இறக்கிய தேதி: நவம்பர் 2. நேற்று நவம்பர் 18.

ஆற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இந்தக் கரையில் பாதை முடிந்தது. அந்தக் கரையில் பாதை ஆரம்பித்தது. நடுவில் வெறும் நீலம். ‘பாலம் போய்விட்டது’ என்ற யோலியின் குறிப்பும் அப்படியே இருந்தது.

தெல்மா போனை வாங்கி அந்த நீலத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

“அப்ப அவர் இந்தப் பாலத்தப் பாக்கவே இல்ல” என்றாள் தெல்மா.

“பாத்திருக்கவே முடியாது மேடம்.”

“பாலத்த நம்பி அவர் ஆத்துல விழல. அவர் ஆத்துல விழுந்ததுக்குக் காரணம் வேணும்னு யாரோ பாலத்த வரைஞ்சிருக்காங்க.”

தெல்மாவால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மேலதிகாரியிடம் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்விதான்: “சரி, அப்ப யாரு?”

பகல் 1.15.

மருத்துவமனையில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். நுரையீரலில் தண்ணீர் இல்லை. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது. கரையிலிருந்து விழுந்தால் அப்படி முறியாது, வண்டி பம்பர் இடித்தால் முறியும். உள்ளே ரத்தக் கசிவு. அடிபட்டது நேற்று மாலை ஆறு, ஆறே கால். உயிர் போனது எட்டு மணிக்கு முன்பின். தண்ணீர் ஏறினது அதற்குப் பிறகு.

“நடுவுல ரெண்டு மணி நேரம்?”

“சேத்துல கெடந்திருக்கார்.”

“இங்க கொண்டு வந்திருந்தா?”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “ரத்தம் ஏத்தியிருப்போம். இன்னைக்கு உங்ககிட்ட அவரே பேசியிருப்பார்.”

பகல் 2.00.

தெல்மா திரும்பி வந்ததும் யோலிக்கு முன்னால் ஒரு மடிக்கணினியை வைத்தாள்.

“அந்தத் திருத்தத்தக் காட்டு. பாலம் மட்டும் வேண்டாம், முழுசா.”

யோலி திறந்தாள். நேரம், கணக்குப் பெயர். கீழே சின்ன எழுத்தில்: இரண்டு மாற்றங்கள்.

காலையிலிருந்து ஊரே பார்த்த பக்கம் அது. ஹெர்னானின் டேப்லெட்டில், மேலதிகாரியின் போனில், லென்னின் போனில். எல்லாருக்கும் பாலம் போதுமாக இருந்தது.

“ரெண்டுன்னு போட்டிருக்கே. பாலம் ஒண்ணு. இன்னொண்ணு?”

“குறிப்ப அழிச்சது பாலத்தோட சேந்தது...” யோலி கீழே நகர்த்தினாள். நெற்றி சுருங்கியது. “பஸ் ஷெட்டு. மார்க்கெட் வாசல்லருந்து எடுத்து... இங்க ஏன் வெச்சிருக்கு? இது தப்பு மேடம். ஷெட்டு சர்ச் பக்கத்துக்கு இல்ல போகப்போறதா சொன்னாங்க? நோட்டீஸ்கூடப் பாத்தேனே. இது தூங்குமூஞ்சி மரத்தடி.”

தெல்மா மெதுவாக நாற்காலியை இழுத்து, அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

“யோலி, அது தப்பு இல்ல.”

பிற்பகல் 3.20.

பேரிடர் அலுவலகம். சுவர் முழுக்க ஊர் வரைபடம். ஹெர்னான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பனிங்கும் பேபோட்டும் கதவோரம் நின்றார்கள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல். யோலி தெல்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

“ஒரே ஒரு சந்தேகம் சார்” என்றாள் தெல்மா. “நேத்து ஷெட்டு தூக்கினப்ப நீங்க இருந்தீங்களா?”

“இருந்தேன். முன் கம்பு நான்தான் பிடிச்சேன்.”

“கடைசி வரைக்கும்?”

“மரத்தடியில எறக்குற வரைக்கும். ஏன்?”

“பாலத்த வரைஞ்ச ஆளு அதே திருத்தத்துல ஷெட்டையும் எடம் மாத்தியிருக்கார். மரத்தடிக்கு. சாட்டிலைட் படத்துல அது வராது. நோட்டீஸ்ல சர்ச்சுன்னு இருக்கு. மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்த பொண்ணுக்கு நோட்டீஸ்தான் தெரியும். மரத்தடின்னு தெரியணும்னா நாலு மணிக்கு அங்க நின்னிருக்கணும்.”

ஹெர்னான் நாற்காலியைத் தெல்மா பக்கம் திருப்பினார்.

“அங்க இருபது பேரு நின்னாங்க. அதுல இந்த ஆபீஸ் சாவி ரெண்டு பேருகிட்ட. பேபோட் ஒம்பது மணி வரைக்கும் அந்த ஷெட்டுக்குள்ளயே கேப்போட குடிச்சிட்டு இருந்தான்.”

“அம்மா சத்தியமா மேடம்” என்றான் பேபோட்.

“சும்மா இரு” என்றார் பனிங்.

“ரிவர்ஸ்ல போய்க் கேட்டுல இடிச்சேன்னு சொல்லியிருக்கீங்க. ரிவர்ஸ்ல போன வண்டிக்கு முன் விளக்கு எப்படி சார் ஒடையும்? ஒடஞ்ச விளக்கு வளையம் பட்டறையில இருக்கு. அதுல விட்டுப்போன துண்டு ஆலைக்குப் பின்னால, மண்பாதை பிரியற வளைவுல, புல்லுக்குள்ள இருந்துச்சு. நான் ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்துட்டுத்தான் வரேன்.”

வெளியே ஒரு டிரைசைக்கிள் ஆட்டோ சத்தமாகப் போனது. அது போகும்வரை ஹெர்னான் காத்திருந்தார்.

“மழை” என்றார். “திருப்பத்துல பாத்தா முன்னால நிக்கறான். ரெயின்கோட் போட்டுட்டிருந்தானோ என்னமோ. எறங்கிப் போய்ப் பாத்தேன். அசையல. செத்துட்டான்னு நெனச்சேன். அவன் வண்டிய உருட்டிட்டுப் போய் ஆத்துல தள்ளினேன்... அப்புறம் அவனையும்.” கையை மேஜையில் வைத்தார், எடுத்தார். “அந்த வழியா ஏன் போனான்னு கேப்பாங்களே. அதான் பாலம்.”

“என் கணக்குல” என்றாள் யோலி.

“திறந்திருந்துச்சு யோலி. தெரியாமப் பண்ணின தப்புன்னு எழுதி விட்டுருவாங்கன்னு நெனச்சேன். உன்ன உள்ள வைக்கற அளவுக்குப் போகும்னு தோணல.”

“காலைல ஆத்தங்கரையில ‘கெட்டவ இல்ல’ன்னு எனக்காகப் பேசினீங்களாம் சார்.” யோலி தெல்மாவைத் தாண்டி முன்னால் வந்தாள். “நான் செஞ்சேனா இல்லையான்னு என்னையே சந்தேகப்பட்டேன். வெளிய உக்காந்திருக்கற அக்கா கால்ல போய் விழலாமான்னு பாத்தேன். நீங்க ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவர் அவளைப் பார்க்கவில்லை.

“எனக்குப் புரியாதது ஒண்ணுதான்” என்றாள் தெல்மா. “ஷெட்ட ஏன் தொட்டீங்க? தொடாம இருந்திருந்தா யோலிதான் உள்ள போயிருப்பா.”

ஹெர்னான் சுவரிலிருந்த வரைபடத்தை நிமிர்ந்து பார்த்தார். “தெரியல. பொய்ய வரைஞ்சு முடிச்சேன். சேமிக்கக் கை வரல. ஆறு வருஷம் ஒரு கோடுகூடப் பாக்காமப் போட்டதில்ல. மேப்ல, மார்க்கெட் வாசல்ல, அந்தப் பழைய ஷெட்டு இன்னும் நின்னுட்டு இருந்துச்சு. வெளியூர்க்காரங்க மழையில அங்க போய் நிப்பாங்களேன்னு... கை அதுவாப் போய் நகத்திடுச்சு. அதுக்கப்புறம்தான் சேமிக்கவே முடிஞ்சுது.”

அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அவர் சொல்கிற விதி அது: தப்பு என்று தெரிந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்காதே. யோலிக்கும் சொல்லியிருக்கிறார்.

“மணி ஏழு அம்பத்திரெண்டு” என்றாள் தெல்மா. “டாக்டர் சொல்றார், அவர் உயிர் போனது எட்டுக்குப் பக்கத்துல. நீங்க ஷெட்ட நகத்திட்டிருந்தப்ப அவர் சேத்துல மூச்சு விட்டுட்டு இருந்திருக்கார் சார். அந்த வளைவுலருந்து ஆஸ்பத்திரிக்கு ஒண்ணரைக் கிலோமீட்டர். நீங்க மேப்ல போட்ட வழிதான்.”

ஹெர்னான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பேபோட் அவரருகே போகப் பார்த்தான். பனிங் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

மாலை 4.40.

அரசு வழக்கறிஞருக்குப் போன தாளில் பெயர் மாறியிருந்தது. வாசல் பெஞ்சில் லென் இன்னும் இருந்தாள். தெல்மா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்து. மறைத்தால் வேறு யாராவது சொல்லுவார்கள். லென் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யோலி வெளியே வந்தபோது மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

யோலி உட்கார்ந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை.

“அந்தப் பாலம் இன்னும் அதுல இருக்கா?” லென் கேட்டாள்.

“இருக்குக்கா.”

“எடுத்துரு. எங்க ஊர்ல இன்னும் ஆறு பேரு பார்சல் எடுத்துட்டுப் போறாங்க.”

யோலி மடிக்கணினியை மடியில் வைத்துத் திறந்தாள். கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றினாள். பாலத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். குறிப்பை மறுபடி எழுதினாள்: பாலம் போய்விட்டது, பழைய படத்தைப் பார்த்து வரையாதீர்கள். லென் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

சேமிப்பதற்கு முன் கணினி கேட்டது: அந்தத் திருத்தத்தில் இன்னொரு மாற்றமும் இருக்கிறது, அதையும் சேர்த்து நீக்கவா?

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிழற்குடை. ஹெர்னான் வைத்த இடம். யோலியின் விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தெல்மாவிடம் கேட்டாள். “மேடம், நீங்க காலைல அங்க ஒதுங்கினீங்க இல்ல. மரத்துக்கு எந்தப் பக்கம்?”

“ரோட்டுப் பக்கம். நாலு எட்டு இருக்கும்.”

யோலி பெரிதாக்கிப் பார்த்தாள். ரோட்டுப் பக்கம்தான். நாலு எட்டுதான்.

வேண்டாம் என்பதை அழுத்தி, நிழற்குடையை அங்கேயே விட்டாள்.